கையை விட்டால் நேராக வேண்டும்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “இங்கிலாந்தில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையிலேயே கார் கட்டி, நம்பர் பிளேட் மாட்டி ஓட்டும் காணொளியைப் பார்த்தேன். அந்த வண்டி சாலைக்கு வரலாம் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? நம் ஊரில் இது முடியுமா?”

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்குள் எனக்கு மிகவும் பிடித்த ஒரு இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

பிரிட்டனில் இந்தப் பழக்கம் பழையது. 1957இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் ‘செவன்’ என்ற சின்னஞ்சிறு காரைக் கொண்டுவந்தது. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, உதிரிபாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததால், ‘பிரிக்கும் முறை’யை எழுதிக் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து படித்துப் பூட்டினார்கள் என்று சொல்வார்கள். 1973இல் கொள்முதல் வரி போய் வாட் வந்தது, வரிச் சலுகையும் போனது. ஆனால் கார் கட்டும் ஆசை போகவில்லை. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. இன்றும் அதைப் பெட்டிகளில் வாங்கி வீட்டில் பூட்டலாம்.

பூட்டியாயிற்று. அப்புறம்? 1998 முதல் இப்படிப்பட்ட வண்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சோதனைக்குப் போக வேண்டும். 2009 முதல் அந்தச் சோதனையின் பெயர் ஐவிஏ, அதாவது தனி வாகன ஒப்புதல். டிவிஎஸ்ஏ என்ற அரசு முகமையின் ஆய்வாளர் ஒருவர் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். பெல்ட் மாட்டும் இடம், விளக்குகளின் உயரம், கண்ணாடிகள், புகை, சத்தம் எல்லாம் பட்டியலில் உண்டு. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் பரவாயில்லை, உண்மை வேகத்தைவிட ஒரு மயிரிழைகூடக் குறைத்துக் காட்டக் கூடாது. பிரேக் அழுத்தும்போது முன் சக்கரங்கள்தான் முதலில் சுழலாமல் இறுகி நிற்க வேண்டும். பின் சக்கரங்கள் முந்திக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும்.

ஆய்வாளரின் கையில் 10 செ.மீ. விட்டமுள்ள ஒரு உருண்டையும் இருக்கும். காரின் வெளிப்புறத்தில் அந்த உருண்டை தொடக்கூடிய முனைகள் எல்லாம் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். சாலையில் நடப்பவரின் முழங்காலோ ஒரு குழந்தையின் தலையோ பட்டால் கிழிக்கக் கூடாது என்பதுதான் காரணம். அதனால் சோதனைக்கு முந்தைய இரவு கார்காரர்கள் ஒவ்வொரு நட்டுக்கும் பிளாஸ்டிக் குல்லா மாட்டிக்கொண்டு, தகட்டு விளிம்புகளில் ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிலர் சான்றிதழ் வந்ததும் அவற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. குழந்தையின் தலை சோதனைக்கு மறுநாளும் அதே தலைதான்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். காரை ஒரு வட்டத்தில் மெதுவாக ஓட்டுவார்கள். ஸ்டியரிங்கைப் பாதியளவு திருப்பி, மணிக்குச் சுமார் 10 கி.மீ. வேகத்தில் சுற்றிக்கொண்டே கையை விட்டுவிடுவார்கள். வட்டம் அதே அளவில் நிற்கலாம், அல்லது பெரிதாகலாம். சிறிதாகக் கூடாது. அதாவது விட்டுவிட்ட ஸ்டியரிங் தானாக நேராக வரப் பார்க்க வேண்டும், இன்னும் வளைந்துகொண்டு உள்ளே போகக் கூடாது. வீட்டில் கட்டிய வண்டிகள் இந்தச் சோதனையில் தடுக்கி விழுவது அடிக்கடி நடக்கும்.

நாம் ஓட்டும் கார்களில் இதைக் கவனிப்பதே இல்லை. முச்சந்தியில் திரும்பி முடித்ததும் பிடியைத் தளர்த்துகிறோம், ஸ்டியரிங் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு தானே நேராகிறது. உள்ளே ஸ்பிரிங் வைத்து இழுக்கிறார்கள் என்றுதான் பள்ளி நாட்களில் நினைத்திருந்தேன். அப்படி எந்த ஸ்பிரிங்கும் இல்லை. இழுப்பது சாலை.

அலுவலக நாற்காலியின் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அது எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்த அச்சுக்கு நேர் கீழே சக்கரம் இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். நாற்காலியைத் தள்ளியதும் சக்கரம் சுழன்று அச்சின் பின்னால் போய் நின்றுகொள்ளும். கயிற்றில் கட்டி இழுத்த மரக்கட்டை பின்னாலேயே வருவது போலத்தான். காரின் முன் சக்கரத்திலும் இதே தந்திரம் உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் திரும்பும் அச்சின் மேல் முனை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அலைன்மென்ட் கடைக்காரர் ‘காஸ்டர்’ என்று சொல்வது இந்தச் சாய்வைத்தான். அந்த அச்சைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்த் தொடும். 29 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்துக்கு 5 டிகிரி சாய்வு கொடுத்தால் அந்த இடைவெளி ஏறக்குறைய 2.5 செ.மீ. வண்டி வளையும்போது சாலை டயரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் அச்சுக்கு 2.5 செ.மீ. பின்னால் விழுவதால் சக்கரத்தைத் திருகி நேராக்கப் பார்க்கும்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு உருகமாட்டேன். காஸ்டர் கோணம் பூஜ்யமாக இருந்தாலும் டயர் தன்னைத் தானே நேராக்கும்! காரணம் ரப்பர்.

பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நார்கள்தான் டயரின் ரப்பர் என்று வைத்துக்கொள்வோம். (இந்தத் துறைக்காரர்களும் இதை பிரஷ் மாடல் என்றுதான் சொல்கிறார்கள்.) வளைவில் டயர் பார்க்கும் திசைக்கும் உண்மையில் போகும் திசைக்கும் ஒரு சின்னக் கோணம் இருக்கும். ஒரு நார் முன்பக்கத்தில் தரையைத் தொடும்போது நேராகத் தொடும். அதன் நுனி தரையைப் பற்றிக்கொள்ள, வேர் மட்டும் சக்கரத்தோடு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும். ஆகவே பின்னால் போகப் போக நார் மேலும் மேலும் வளையும், கடைசியில் தரையை விட்டு எழும்பும்போது படக்கென்று நிமிரும். முன்னால் வளைவு இல்லை, பின்னால் அதிகம். பக்கவாட்டு விசையை ஒரு படமாக வரைந்தால் முக்கோணம் வரும். முக்கோணத்தின் கனம் நடுவில் இருக்காது என்பது பள்ளிக்கூடக் கணக்கு. டயர் தரையைத் தொடும் பரப்பு 12 செ.மீ. நீளம் என்றால், விசையின் மையம் நடுவிலிருந்து ஆறில் ஒரு பங்கு, அதாவது 2 செ.மீ. பின்னால் தள்ளியிருக்கும். காஸ்டர் தருவதற்கு ஏறக்குறைய சமமான நெம்புகோலை ரப்பர் இலவசமாகத் தருகிறது.

இன்னும் ஒன்று. வேகமாக வளைந்தால் பின்பக்க நார்கள் பிடியை இழந்து வழுக்கத் தொடங்கும். முக்கோணத்தின் கனம் முன்னால் நகர்ந்து நடுவுக்கு வரும், நெம்புகோல் சுருங்கும். ஸ்டியரிங் திடீரென்று கையில் லேசாகிவிடும். டயர் முழுவதும் வழுக்குவதற்குச் சற்று முன்பே இது நடக்கிறது. மழை நாளில் மலைப்பாதையில் ஓட்டும் அனுபவசாலிகள் “வண்டி கையில் சொல்லும்” என்பார்கள். அது இதைத்தான்.

இவ்வளவு இருந்தும் கொட்டகைக் கார் ஏன் தடுக்கி விழுகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை லேசான வண்டிகள். முன் சக்கரங்களின் மேல் 250 கிலோதான் இருக்கிறது என்று வைப்போம். 10 கி.மீ. வேகத்தில் 8 மீட்டர் ஆர வட்டத்தில் சுற்றினால் பக்கவாட்டு விசை சுமார் 25 கிலோ எடைக்குச் சமம். இரண்டு நெம்புகோலையும் சேர்த்து 4.5 செ.மீ. என்றால், கிடைக்கும் திருகல் ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டதைப் போல. அதுவும் சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டான ரேக் வழியாக ஸ்டியரிங்குக்கு வரும்போது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அந்த நூறு கிராமை விழுங்க இறுக்கமான ஒரு புஷ் (கம்பி சுழலும் இடத்தில் இருக்கும் உறை) போதும். கனமான காரில் இதே இறுக்கம் தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு, பலர் கனமான பழைய கார்களிலிருந்து கழற்றிய முன் சக்கர பாகங்களை மாட்டுகிறார்கள். அவற்றின் கோணங்கள் அந்த வண்டியின் எடைக்கு அளந்து போட்டவை.

வைத்தியம் எளிமையானது. சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கையான மேல் விஷ்போனை சேசிஸோடு, அதாவது வண்டியின் சட்டத்தோடு, இணைக்கும் போல்ட்டில் வாஷர்கள் கோத்திருக்கும். முன்பக்கம் இருப்பதில் சிலவற்றை எடுத்துப் பின்பக்கம் போட்டால், அல்லது வண்டியின் அமைப்பைப் பொறுத்து மாற்றிப் போட்டால், சக்கரம் திரும்பும் அச்சின் மேல் முனையான மேல் பால் ஜாயிண்ட் பின்னால் நகரும். மேல், கீழ் பால் ஜாயிண்ட்டுகளுக்கு நடுவே 25 செ.மீ. இருந்தால், 5 மி.மீ. நகர்த்தினாலே ஒரு டிகிரிக்கு மேல் காஸ்டர் கூடும். அப்புறம் ஸ்டியரிங் கம்பியின் ஒவ்வொரு மூட்டையும் கழற்றி, எது இறுக்குகிறது என்று விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

இந்த இறுக்கத்தை நான் கையால் தொட்டு உணர்ந்திருக்கிறேன். என் பழைய சின்னக் கார் ஒருமுறை திருப்பத்துக்குப் பிறகு நேராக வர மறுத்தது. வீட்டில், எலுமிச்சம்பழம் கட்டி ஒரு மாதமாயிற்று, மாற்று என்றார்கள். தெருமுனை மெக்கானிக் அண்ணன், “தம்பி, நீங்க உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை மெதுவா ஒடிங்க” என்று சொல்லிவிட்டு வண்டியின் எடையைத் தாங்கி, சக்கரத்தோடு கூடவே திரும்பும் முன் சக்கரத்து ஸ்பிரிங்கின் மேல் கையை வைத்தார். பிறகு என்னையும் வைக்கச் சொன்னார். ஸ்பிரிங் சீராகத் திரும்பவில்லை, முறுக்கிக்கொண்டு நின்று ‘டக்’ என்று குதித்தது. மேலே உள்ள பேரிங் துருப்பிடித்திருந்தது. எலுமிச்சம்பழம் கட்டுபவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் துருவுக்குத் திருஷ்டி தெரியாது. பழத்துக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியை பேரிங்குக்கும் கொடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐவிஏ தேறினால் சான்றிதழ் வரும். அதை வாகனங்களைப் பதிவு செய்யும் டிவிஎல்ஏ அலுவலகத்துக்கு அனுப்பினால் பதிவெண் தருவார்கள். பாகங்கள் எந்தக் காலத்தவை என்று நிரூபிக்க முடியாத வண்டிக்கு ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் எண் கிடைக்கும்.

நம் ஊரில்? கார் தயாரிப்பவர் தன் மாதிரி வண்டியை அங்கீகாரம் பெற்ற மையத்தில் சோதித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அது ஆயிரக்கணக்கில் வண்டி விற்கும் நிறுவனத்துக்கான வழி, ஒற்றை மனிதருக்கானது அல்ல. பதிவான வண்டியின் அடிப்படை அமைப்பை நாமாக மாற்றுவதையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கையாலேயே கார் கட்டி எடுத்து வருகிறார்கள். அவை பந்தயத் தடத்துக்கானவை, சாலைக்கு வராதது சரிதான். ஆனால் அதே கைகள் நாளை சாலைக்கென்று ஒரு வண்டியைக் கட்டினால், அதைச் சோதித்துச் சொல்ல ஒரு வாசல் வேண்டாமா? ஒரகடத்தில் அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, சோதனைத் தடம் இருக்கிறது, அளக்கத் தெரிந்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்குப் பத்து வண்டிகளைத் தனித்தனியாகப் பார்க்க ஒரு சின்னக் குழுவும் அதற்கான நிதியும் ஒதுக்கினால் போதும்.

திருப்பூர் வாசகர் அதுவரை கட்டத் தொடங்கலாம். சொந்த நிலத்தில் ஒரு வட்டம் போட்டு, நடக்கும் வேகத்தில் சுற்றிக்கொண்டே பிடியைத் தளர்த்திப் பாருங்கள். வட்டம் விரிகிறதா, சுருங்குகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.