ஃபில்டர்: 'வடிப்பான்' வேண்டாம், 'பிரிப்பு' போதும்

இராமநாதபுரத்தில் நாங்கள் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் சர்வருக்குத் தமிழில் ஒரு கையேடு வந்தது. அதில் ஒரு வரி: 'கிரான் பதிவுகளுக்கு வடிப்பான் அமைக்கவும்.' கிரான் என்பது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல், சிஸ்லாக் என்பது சர்வரில் வரும் செய்திகளைக் கோப்புகளில் பதிந்து வைப்பது. 'ஃபில்டர்' என்பதைத்தான் 'வடிப்பான்' என்று போட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த தம்பி, சிஸ்லாக் கோப்புக்கான வரியில் 'கிரான்.நன்' என்று, அதாவது கிரான் செய்தி எதுவும் இதில் வேண்டாம் என்று, சேர்த்துவிட்டான். அவற்றை எழுத வேறு தனிக் கோப்பு எதையும் அவன் குறிப்பிடவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி பேக்கப் எடுபடவில்லை. வேலை தொடங்கியதா என்று பார்க்க ஒரு வரிகூட இல்லை. "வடிக்கணும்னு போட்டிருந்துச்சுண்ணே, அதான் வடிச்சு விட்டுட்டேன்" என்றான். அவன் தமிழ் சரிதான், கையேட்டின் தமிழ்தான் தப்பு.

ஃபில்டர் என்பது லத்தீன் 'ஃபில்ட்ரம்', கம்பளித் துணி. அதில் ஊற்றி வடிகட்டியதால் வந்த பெயர். காபிக்கு 'வடிகட்டி' பொருந்தும்.

ஆனால் 'வடி' என்ற சொல் எது நமக்கு, எது கழிவு என்று சொல்வதில்லை. சோறு வடித்தால் பானையில் நிற்பது நமக்கு. காபி வடித்தால் கீழே இறங்கியது நமக்கு. இரண்டிலும் ஒரு பாதி விலகிப் போகிறது. சிஸ்லாக் செய்வது அதுவல்ல. ஒவ்வொரு செய்தியிலும் எந்தப் பிரிவிலிருந்து வந்தது, எவ்வளவு கடுமையானது என்று இரண்டு அடையாளம் இருக்கும். அதைப் பார்த்து உரிய கோப்புக்கு அனுப்புகிறது. ஒரே செய்தி இரண்டு கோப்புக்கும் போகலாம். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரே ஒரு கிரான் வேலை நாளுக்கு 1440 தடவை பதிவாகும். அந்தக் கூட்டத்தில் மற்ற செய்திகள் காணாமல் போகாதபடி ஒதுக்கி வைப்பதுதான் நோக்கம், ஒழிப்பதல்ல.

பாம்பன் கரையில் படகு வந்ததும் வலையை உதறி நண்டு ஒரு கூடை, கணவாய் ஒரு கூடை, காரல் கருவாட்டுக்கு என்று போடுகிறார்களே, அதை மீன் பிரிப்பது என்றுதான் சொல்கிறோம். 'பிரித்து வை' என்றால் 'எதில் வைக்க?' என்ற கேள்வி தானாக வரும். 'வடி' என்றால் வராது. கடுமையை வைத்துத் தேர்வதற்கு மட்டும் 'சலித்தல்' என்பதை ஒப்புக்கொள்வேன். 0 முதல் 7 வரை எட்டுப் படி, 0தான் மிகக் கடுமை. 4 ஆகிய 'வார்னிங்' கொடுத்தால் அதுவும் அதைவிடக் கடுமையானதும் நிற்கும், மற்றது உதிரும்.

மொழிபெயர்ப்பாளர்கள் திரையிலிருக்கும் சொல்லை மட்டும் பார்க்கிறார்கள், அந்த வரி என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. 'ஆன்' விகுதி ஒட்டினால் கலைச்சொல் ஆகிவிடாது.

எங்கள் கையேட்டில் அந்த வரியை இப்படித் திருத்திவிட்டேன்: 'கிரான் பதிவுகளைப் பிரித்து, கிரான்.லாக் கோப்பில் வைக்கவும். அது எழுதப்படுகிறதா என்று பார்த்த பிறகே சிஸ்லாக் கோப்பிலிருந்து நீக்கவும்.'