ஹக்கலக் குரங்குக்குக் கூகைக்கட்டா?

பண்டாரவளையிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏப்ரல் லீவில் பிள்ளைகளோடு ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குப் போயிருந்தோம். ஒரு குரங்குக்குத் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டி கட்டியாக வீங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், அதற்குக் கூகைக்கட்டு, பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள் என்றார். மேலே மரத்தில் இருந்த பெரிய கறுத்த குரங்குகளுக்கு வீக்கம் ஒன்றும் இல்லை. குரங்குக்கும் கூகைக்கட்டு வருமா?"

கிட்ட விடாதது நல்லது. ஆனால் அது நோயில்லை. குரங்குக்குக் கூகைக்கட்டை ஏற்ற முடியும் என்பது உண்மை. அந்த நோய் வைரஸால் வருகிறது என்று 1934இல் நிரூபித்ததே ஆய்வுகூடக் குரங்குகளை வைத்துத்தான். ஹக்கலவில் வாசகி பார்த்தது வேறு. அந்த வீக்கத்துக்குள் அத்திப்பழம் இருந்திருக்கலாம், யாரோ ஒரு பிள்ளையின் கையிலிருந்து போன பிஸ்கட்டும் இருந்திருக்கலாம். அவருடைய கேள்வியில் எனக்கு அதிகம் பிடித்தது கடைசிப் பகுதி: கறுத்த குரங்குக்கு ஏன் வீக்கம் இல்லை? அதைக் கவனித்திருக்கிறாரே, அங்கேதான் விஷயமே இருக்கிறது.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பாதையில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர், சீதாஎலிய கோவிலைத் தாண்டியதும் வரும். 1861இல் மலேரியா மருந்துக்காகச் சிங்கோனா மரம் வளர்த்துப் பார்க்க வெள்ளைக்காரர் தொடங்கிய தோட்டம், 1884இல் பூங்காவானது. உயரம் சுமார் 1,700 மீட்டர். பூங்காவுக்குப் பின்னால் ஹக்கல மலை, 1938இல் இருந்து பாதுகாப்பில் உள்ள காடு. நமக்குத்தான் வாசலும் டிக்கட்டும். காட்டுக்கும் பூங்காவுக்கும் நடுவே குரங்குக்கு ஒரு எல்லையும் கிடையாது.

அப்படி வந்து போவது இரண்டு இனம். இரண்டும் உலகத்தில் இலங்கையில் மட்டுமே இருப்பவை. ஒன்று செங்குரங்கு, சிங்களத்தில் ரிலவா: பழுப்பு நிறம், உச்சந்தலையிலிருந்து நாலாபக்கமும் விரிந்து விழும் முடி, தரையில் துணிச்சலாக நடமாடும். மற்றது ஊதாமுக மந்தி: மலைக்குளிருக்குத் தடித்த ரோமம், வெள்ளைத் தாடி, நீண்ட வால், பெரும்பாலும் மரத்தின் மேலேதான். வீக்கம் செங்குரங்குக்கு மட்டுந்தான் வரும். அதற்குக் கன்னத்தில் பை இருக்கிறது. மந்திக்கு இல்லை.

இந்தப் பையை நான் எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. கீழ்த்தாடைப் பற்களுக்கும் கன்னத்துக்கும் நடுவே நாக்கை விட்டுப் பாருங்கள், நமக்கும் ஒரு சின்ன இடுக்கு இருக்கிறது. செங்குரங்குக்கு அந்த இடுக்கின் அடியில் ஒரு வாசல் திறந்து, உள்ளே பக்கத்துக்கு ஒன்றாகப் பை தொங்குகிறது. தோலுக்குக் கீழே, தாடையைத் தாண்டிக் கழுத்து வரைக்கும் இறங்கும். வெறுமையாக இருக்கும்போது சுருங்கித் தட்டையாகிவிடும்; வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. அதனால்தான் பூங்காவில் ஒரு குரங்கு வீங்கியும் அடுத்தது மெலிந்தும் தெரிகிறது. நிரம்பினால், இரண்டு பையும் சேர்ந்து ஏறக்குறைய இரைப்பை கொள்ளுமளவு கொள்ளும். அதாவது ஒரு வேளைச் சாப்பாட்டை முழுதாக, விழுங்காமல், வாயோடு சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடலாம்.

நிரப்புவது சுலபம். பழத்தைக் கடித்து, நாக்கால் ஓரத்துக்குத் தள்ளி, அடுத்ததுக்குக் கையை நீட்டும். மெல்லுகிற வேலையே இல்லை. மலையில் கொழுந்து எடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். விரல் நிறைந்ததும் கை பின்னால் போய்க் கூடையில் போட்டுவிட்டு உடனே அடுத்த செடிக்குத் திரும்பும்; நிறுப்பது, கழிப்பதெல்லாம் பிறகு மடுவத்தில். செங்குரங்கும் எடுக்கிற வேலையையும் தின்கிற வேலையையும் அப்படித்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. பழமரத்தில் இருக்கும் நேரம் முழுவதும் எடுக்க. தின்பது, ஒருவரும் தொந்தரவு செய்யாத ஒரு கிளையில்.

வெளியே எடுப்பதுதான் பார்க்க வேண்டிய காட்சி. பையின் சுவர்மேல் கன்னத் தசை படர்ந்திருக்கிறது, அது சுருங்கினால் உணவு மேலே வரும். ஆனால் அடியில் தங்கியது இலேசில் வராது. அப்போது குரங்கு புறங்கையைக் கழுத்தில் வைத்து, கீழேயிருந்து மேலாக அழுத்தும். ஒரு அழுத்தத்துக்கு ஒரு வாய். யோசனையில் இருக்கும் பெரிய மனிதர் தாடையைத் தடவுகிறார் என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அங்கே பரிமாறல் நடக்கிறது.

பைக்குள் உணவு சும்மாவும் கிடப்பதில்லை. உமிழ்நீரில் உள்ள அமிலேசு நொதியம் மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் என்று சாதாரண தர விஞ்ஞானத்தில் அயடீன் போட்டுப் பார்த்திருப்போம். நம் வாயில் அதற்குக் கிடைப்பது சில விநாடிகள். விழுங்கியதும் இரைப்பையின் அமிலம் அந்த நொதியத்தை முடக்கிவிடும். செங்குரங்கு போன்ற கன்னப்பைக் குரங்குகளுக்கு உமிழ்நீரில் அமிலேசு மிக அதிகம், பையில் அது வேலை செய்ய நிறைய நேரமும் உண்டு. சமிபாட்டின் முதற்கட்டம் மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும்போதே நடந்துகொண்டிருக்கிறது.

அப்புறம் விதை. பழத்தை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்துச் சதையைச் சப்பிவிட்டு விதையைத் துப்பும். சிங்கப்பூரில் இதே பேரினத்தைச் சேர்ந்த நெடுவால் குரங்குகளைக் கவனித்து 1990இல் எழுதிய ஒரு ஆய்வில், 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விதைகள் பெரும்பாலும் துப்பப்பட்டன, அதைவிடச் சிறியவை விழுங்கப்பட்டன. துப்பியது சதை நீங்கிச் சுத்தமாக இருக்கும், பூஞ்சணம் பிடிப்பது குறைவு. குரங்கு நகர நகர இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுவதால் தாய்மரத்தின் நிழலிலேயே குவிந்து கிடக்காது. பூங்கா என்றால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. நாலு கண்டத்து மரங்கள் உள்ளே, இயற்கைக் காடு வெளியே. நம் நாட்டு மரம் எது, வெள்ளைக்காரர் கொண்டு வந்தது எது என்று குரங்கு பார்த்துத் துப்புவதில்லை.

சரி, பை எதற்கு வந்தது? அவசரம் என்று ஒரு சொல்லில் முடிக்கலாம். யாருக்குப் பயந்து அவசரம் என்பதற்கு இரண்டு பதில் உண்டு: பிடித்துத் தின்னும் விலங்கு, சொந்தக் கூட்டம். இரண்டாவதைப் பற்றி இலங்கையிலேயே அருமையான சான்று இருக்கிறது. பொலன்னறுவையில் 1968இல் தொடங்கி வுல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் செங்குரங்குகளை ஒவ்வொன்றாக முகம் அறிந்து கவனித்து வந்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு படிநிலை உண்டு. மகள் தாயின் படிக்கு அடுத்துத்தான் நிற்பாள். நிறைய உணவைக் கண்ட குரங்கு ஒரு தனிக் குரல் எழுப்பும், கூட்டம் ஓடி வரும். வந்ததும் மேல்படியில் உள்ளது கீழ்ப்படியில் உள்ளதைத் தள்ளிவிட்டு நல்ல இடத்தைப் பிடிக்கும். சில சமயம் அதன் வாயைத் திறந்து கன்னப்பையிலிருந்தே உணவைத் தோண்டி எடுக்கும்! இவ்வளவுக்கும் சின்னது ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும். பஞ்ச காலத்தில் முதலில் சாவது கீழ்ப்படியில் உள்ள இளசுகள், அதிலும் பெண்குட்டிகள். அப்படிப்பட்ட கூட்டத்தில் தாழ்ந்த குரங்குக்குப் பையைவிடப் பெரிய சொத்து வேறென்ன? நாலு விநாடி கிடைத்தால் நிரப்பிக்கொண்டு ஓடிவிடலாம்.

பிள்ளையின் கையில் இருந்த பிஸ்கட் மாயமானதும் இதனால்தான். லயத்துத் தகரத்தைத் தூக்கி உள்ளே இறங்கிச் சோற்றுப் பானையைக் காலி செய்வது, விடிவதற்குள் பீன்ஸ் கொடியை மொட்டையடிப்பது எல்லாமே பறித்து அடைத்து ஓடுகிற ஒரே வித்தை. பையுள்ள குரங்குதான் நல்ல திருடனாக முடியும்.

மந்தியின் பை வேறிடத்தில் இருக்கிறது. அதன் இரைப்பை அறை அறையாகப் பிரிந்து பெருத்தது. முன் அறைகளில் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. மந்தி இலையைத் தின்ன, இலையின் செலுலோசைப் பற்றீரியா நொதிக்க வைத்து உடைக்க, அதில் வரும் கொழுப்பமிலங்களை மந்தி உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அந்தப் பற்றீரியாவையே பின் அறையில் சமித்துவிடும். அதற்கு உதவுவது லைசோசைம், நம் கண்ணீரில் கிருமி கொல்கிற அதே நொதியம். மாடும் இதைத்தான் செய்கிறது. மாட்டுக்கும் மந்திக்கும் அண்மையில் உறவு கிடையாது. ஆனாலும் இரண்டின் இரைப்பை லைசோசைமிலும் சில இடங்களில் ஒரே அமினோ அமிலங்கள் தனித்தனியாக மாறி வந்திருக்கின்றன என்று 1987இல் காட்டினார்கள். கூர்ப்பு ஒரே கணக்கை இரண்டு முறை போட்டு ஒரே விடையை எழுதியிருக்கிறது.

இந்தத் தொட்டியில் அமிலம் ஏறக்கூடாது, ஏறினால் பற்றீரியா சாகும். வாழைப்பழம், பாண், பிஸ்கட் போய் விழுந்தால் சீனியும் மாவும் படுவேகமாக நொதித்து அமிலம் ஏறி வயிறு ஊதும். கலியாண வீட்டு மிச்சச் சோற்றை அளவில்லாமல் தின்ற மாடு ஊதிச் செத்ததைத் தோட்டத்தில் பார்த்தவர்கள் உண்டு. அதுவும் இதுவும் ஒரே இரசாயனம். ஆக, நீங்கள் நீட்டும் ஒரு சீப்பு வாழைப்பழம் செங்குரங்குக்குக் கெட்ட பழக்கம், மந்திக்கு வயிற்று வலி, சில வேளை உயிராபத்து.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சீதையம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு, அனுமார் வம்சம் என்று பழத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சனி தோஷம் நீங்கக் குரங்குக்குப் பழம் போடு என்று சொல்கிறவர், எந்தக் குரங்குக்கு என்றாவது சொல்ல வேண்டாமா? இந்தப் பகுதியில் ஒரு கதை உண்டு: மூலிகை தேடி இமயத்துக்குப் போன அனுமார், எது மூலிகை என்று மறந்து, மலையையே பெயர்த்துத் தாடைக்குள் அடக்கிக்கொண்டு வந்தார், அதில் ஒரு துண்டு விழுந்ததுதான் ஹக்கல மலை. படங்களில் நீண்ட வாலோடு அவரை மந்தியாகத்தான் பார்க்கிறோம். தாடைக்குள் மலை கொண்டுவந்தார் என்றால் உடற்கூற்றின்படி அவர் செங்குரங்கு இனமாக இருக்க வேண்டும். பக்தர்கள் மன்னிக்கட்டும்.

இன்னொரு கோபம் எனக்கும் உண்டு. 2023இல் ஒரு இலட்சம் செங்குரங்கைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று பேச்சு எழுந்து, நீதிமன்றம் வரை போய்க் கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்தே நிமிடம், வீட்டு வளவில் தெரிகிற குரங்கு, மயில், மர அணில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். பயிர் நாசம் உண்மை; மரக்கறித் தோட்டக்காரரின் வயிற்றெரிச்சலை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலில் இருக்கும் ஒரு விலங்கை, அதுவும் ஒரு லயத்திலிருந்து அடுத்ததற்கு ஐந்து நிமிடத்தில் தாவிவிடுகிறதை, இப்படி எண்ணி என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? பொலன்னறுவையில் அதே குரங்குகளை வருடக்கணக்காகக் கவனித்ததால்தான் பையிலிருந்து திருடுவதும் பெண்குட்டி சாவதும் தெரிய வந்தது. பேராதனையிலோ ஹக்கலவிலோ ஐந்து பட்டதாரிப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்து, எந்தக் கூட்டம் எந்தக் குப்பைத்தொட்டியை நம்பி வாழ்கிறது என்று பத்து வருடம் எழுதச் சொன்னால், குப்பைத்தொட்டிக்கு மூடி போடுகிற செலவோடு பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கணிப்பு.

வாசகிக்குச் சில நடைமுறை விஷயங்கள். சாப்பாட்டைக் கையில் தெரிகிற மாதிரி வைத்திருக்க வேண்டாம், பொலித்தீன் பை சரசரத்தாலே அது உணவு என்று செங்குரங்குக்குத் தெரியும். பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், திருப்பிப் பிடுங்கப் போகிறவர்தான் கடி வாங்குவார். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பதும் வாயைப் பிளந்து பல்லைக் காட்டுவதும் அதன் மொழியில் சண்டைக்கு அழைப்பு. அப்படியும் கடித்தோ கீறியோ விட்டால், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். விசர்நோய்த் தடுப்பூசி தேவையா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.