வீட்டில் ஒருவர் இறந்தால் காரணம் என்ன என்று எழுதுவது? புரோஸ்டேட் புற்றுநோயும் வன்னியின் மரணப் பதிவும்

வயது போன ஒருவர் இலங்கையின் வடக்கே வன்னியில் வீட்டோடு இறந்தால், மரணப் பதிவில் காரணம் என்ற இடத்தில் பல நேரங்களில் 'முதுமை' என்றே எழுதப்படுகிறது. யாரும் அதைப் பிழையாக நினைப்பதில்லை. எழுபத்தைந்து வயது, படுக்கையில் கிடந்தார், போய்விட்டார் என்று சனம் ஆறிவிடும். ஆனால் அவர் புரோஸ்டேட் (ஆண்களின் சலப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய்க்காக யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை வைத்தியசாலைக்குக் கிளினிக் போய்வந்தவர் என்றால், அந்த ஒரு சொல்லோடு அவருடைய நோய் அரசாங்கக் கணக்கிலிருந்தே இல்லாமல் போகிறது. வன்னியில் இந்த நோயால் சாவு குறைவு என்று யாராவது சொன்னால், அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பதிவில் விழுந்த ஓட்டை என்று முதலில் கேட்க வேண்டும்.

மரணத்தைப் பதியும் விதி என்ன, உயிரோடு இருக்கும்போது இந்த நோய்க்கு அரசாங்கத்திடம் என்ன கேட்கலாம் என்பவற்றைச் சொல்வதற்கு முன், மரண வீதம் இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

கண்டுபிடிப்பது வேறு, சாவது வேறு

புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகத்தின் மதிப்பீட்டின்படி, 2022இல் உலகில் ஏறத்தாழ 14 இலட்சத்து 70 ஆயிரம் ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதே வருடத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 97 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். நோய் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுவது வட ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும். சாவு வீதம் கூடுதலாக இருப்பதோ கரீபியன் தீவுகளிலும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்க நாடுகளிலும். பணக்கார நாடுகளில் இரத்தப் பரிசோதனை செய்து, உயிருக்கு ஆபத்தே இல்லாத சின்னக் கட்டிகளையும் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் எண்ணிக்கை ஏறுகிறது, சாவு ஏறுவதில்லை. ஆபிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு இந்த நோய் வரும் ஆபத்தே கூடுதல். அதோடு நோய் எலும்புக்குப் பரவிய பிறகுதான் பலர் வைத்தியரிடம் போகிறார்கள். அமெரிக்காவுக்குள்ளேயே கறுப்பின ஆண்களின் சாவு வீதம் வெள்ளையரைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

காலப்போக்கும் ஒரே திசையில் போகவில்லை. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த சாவு வீதம் அடுத்த இருபது வருடத்தில் பாதியளவுக்கு இறங்கி, அதன்பின் பெரிதாக இறங்காமல் நின்றுவிட்டது. உலக அளவில் வயதானோர் தொகை கூடுவதால் மொத்தச் சாவுகள் ஏறும். 2020இல் 14 இலட்சமாக இருந்த புதிய நோயாளர் தொகை 2040இல் 29 இலட்சமாகலாம் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் கணித்தது. அந்தக் கூடுதலில் பெரும்பங்கு எங்களைப் போன்ற நாடுகளில்தான் விழப்போகிறது.

ஆசியாவில் இரண்டு வீதமுமே குறைவு. அது ஓரளவு உண்மை, ஓரளவு பார்க்காததால் தெரியாமல் இருப்பது. கனடாவில் இருக்கும் அண்ணருக்கு வருடாந்தப் பரிசோதனையில் நோய் பிடிபடும். ஊரில் இருக்கும் தம்பிக்கு ஒன்றும் இல்லை. உடனே 'குளிர் நாட்டுக்குப் போனதால் வந்த வருத்தம்' என்று பேச்சு வரும். தம்பிக்கு யாரும் ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதை யாரும் பேசமாட்டார்கள். தகப்பனுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் மற்றவருக்கு ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே அண்ணரின் தொலைபேசி அழைப்பு தம்பிக்கும் ஒரு மருத்துவத் தகவல்தான்.

வன்னியின் கணக்கு ஏன் ஆட்டம் காண்கிறது

ஒரு வீதத்தைக் கணிக்க இரண்டு எண்கள் வேண்டும்: எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் வாழ்கிறார்கள். வன்னியில் இரண்டாவதே நீண்ட காலம் இருக்கவில்லை. 1981க்குப் பிறகு 1991இல் நாட்டில் சனத்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய நான்கும் அந்தப் பதினெட்டுக்குள் இல்லை. கிளிநொச்சி 1981இல் தனி மாவட்டமாகவே இருக்கவில்லை. 2012இல்தான் மறுபடி முழுக் கணக்கு வந்தது. இடையில் இடப்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம். அந்த 31 வருடத்துக்கு 'வன்னியில் சாவு வீதம் ஏறியதா இறங்கியதா' என்று யாராவது கோடு வரைந்து காட்டினால் நான் நம்பமாட்டேன்.

எண்ணிக்கை சின்னதாக இருப்பது இன்னொரு தொல்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் 2012இல் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர். ஆண்கள் அதில் பாதி என்று வைப்போம். இலட்சம் ஆண்களுக்கு 7 சாவு என்று ஒரு கணக்குக்கு எடுத்தால், வருடத்துக்கு மூன்று சாவுதான் வரும். ஒரு வருடம் ஐந்து பேர் இறந்தால் வீதம் பாய்ந்து ஏறும், அடுத்த வருடம் ஒருவர் என்றால் விழும். அதனால் இப்படியான மாவட்டங்களைப் பல வருடங்களைச் சேர்த்து, வயதுக் கட்டமைப்பையும் சரிசெய்துதான் ஒப்பிட வேண்டும். மூன்று பேரில் ஒருவருக்கு 'முதுமை' என்று எழுதினால் கணக்கில் மூன்றிலொரு பங்கு போய்விடும். கொழும்பில் ஒரு பதிவு தவறினால் யாருக்கும் தெரியாது. இங்கே தெரியும்.

மரணத்தைப் பதியும் விதி

இலங்கையில் இதை ஆள்வது 1951ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். எங்கே இறப்பு நடந்ததோ அந்தப் பிரிவின் பதிவாளரிடம் 5 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் கடமை முதலில் உறவினருக்கு, அவர்கள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு. மூன்று மாதத்தைத் தாண்டினால் அது காலங்கடந்த பதிவாகிவிடும். அப்புறம் பத்திரமும் அலைச்சலும் கூடும்.

வைத்தியசாலையில் இறந்தால் காரணத்தை வைத்தியர் எழுதிக் கொடுப்பார். வீட்டில் இயற்கையாக இறந்தால், கிராமப்புறத்தில், கிராம அலுவலரிடம் அறிவித்து அவருடைய அறிக்கையோடு பதிவாளரிடம் போவதுதான் நடைமுறை. திடீர்ச் சாவு, சந்தேகமான சாவு என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரியின் பக்கம் போகும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கிராம அலுவலர், அதாவது விதானையார், வைத்தியர் அல்லர். விதானையார் வந்து 'என்ன வருத்தம் இருந்தது?' என்று கேட்பார், வீட்டார் சொல்வதை எழுதுவார். செத்தவீட்டுச் சத்தத்துக்குள் யாரோ ஒருவர் 'வயது போட்டுது தானே' என்பார். அதோடு முடிந்தது. அப்படி நடக்காமல் இருக்க, இறந்தவரின் கிளினிக் கொப்பியையும் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விடும்போது கொடுத்த நோய் விபர அட்டையையும் (டயக்னோசிஸ் கார்ட்) எடுத்துக் காட்டினால் போதும். அதில் நோயின் பெயர் இருக்கும். நோயாளி உயிரோடு இருக்கும்போதே இந்தப் பத்திரங்களை ஒரு பைக்குள் போட்டு வையுங்கள் என்று சொல்வது கேட்க நல்லாயில்லைதான், ஆனால் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

எந்தக் காரணத்தை எழுதுவது என்பதற்கும் ஒழுங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, கடைசியாக உயிரை எடுத்ததை அல்ல, அந்த வரிசையைத் தொடக்கிவைத்த மூல நோயைத்தான் புள்ளிவிபரத்துக்கு எடுப்பார்கள். புரோஸ்டேட் கட்டி சலம் போகும் வழியை அடைக்கும். சலம் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். கடைசியில் சிறுநீரகம் செயலிழந்து மனிதர் இறப்பார். மூல நோய் புரோஸ்டேட் புற்றுநோய். சர்வதேச நோய் வகைப்பாட்டில் அதன் குறியீடு சி61. ஆனால் 'சிறுநீரகம் பழுது' என்று மட்டும் எழுதிவிட்டால் அந்தச் சாவு சிறுநீரக நோய்க் கணக்கில் போய் விழும். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஏற்கெனவே ஒரு பெரிய பிரச்சினை. அங்கே ஒருவர் கிட்னி பழுதாகி இறந்தார் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. இரண்டு நோயின் கணக்கும் சேர்ந்து குழம்புவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

சில குடும்பங்கள் தெரிந்தே மறைக்கின்றன. கலியாணம் பேசுகிற வயதில் பிள்ளைகள் இருக்கும், புற்றுநோய் என்று பத்திரத்தில் வரக்கூடாது என்பார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் மரணச் சான்றிதழை யாரும் சம்பந்தம் பேசும்போது கேட்பதில்லை. கேட்கப்போவது காப்புறுதிக் கம்பனிதான். அங்கே வைத்தியசாலைப் பத்திரம் ஒரு காரணமும் சான்றிதழ் இன்னொரு காரணமும் சொன்னால் பணம் இழுபடும். ஏற்கெனவே பிழையாகப் பதிந்திருந்தால், வைத்தியசாலைப் பத்திரத்தோடு பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு வழி கேளுங்கள்.

உயிரோடு இருக்கும்போது கிடைப்பவை

பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் 1996இலிருந்து இருக்கிறது. முப்பத்தைந்து வயதானதும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு குடும்பநல உத்தியோகத்தரே வீடு தேடிவந்து அழைப்பார். ஆண்களுக்குப் புரோஸ்டேட் விடயத்தில் அப்படி ஒன்றும் இல்லை. புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையை எல்லா ஆண்களுக்கும் செய்யும் அரச திட்டம் இலங்கையில் கிடையாது. இதை அசட்டை என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வில் இந்தப் பரிசோதனை இந்நோய்ச் சாவை ஐந்திலொரு பங்கு குறைத்தது. ஆனால் 16 வருடத்தில் ஒரு சாவைத் தடுக்க 570 பேரை அழைக்க வேண்டியிருந்தது, மேலதிகமாகப் 18 பேருக்கு நோய் என்று பெயர் சூட்ட வேண்டியிருந்தது. அந்தப் பதினெட்டில் பலருக்குச் சிகிச்சையே தேவைப்பட்டிருக்காது. பயொப்சிக்கும் (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) சத்திரசிகிச்சைக்கும் வரிசை நீளமான இடத்தில் இது சின்ன விடயம் அல்ல.

ஆனால் அறிகுறி இருப்பவர் நிலை வேறு. இரவில் நாலைந்து தரம் எழும்புவது, சலம் சொட்டுச் சொட்டாகப் போவது, இரத்தம் கலப்பது, விடாத இடுப்பு, முள்ளந்தண்டு நோ. இவற்றில் பெரும்பாலானவை வயதோடு வரும் சாதாரண வீக்கமாகவே இருக்கும். அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர், பக்கத்து வீட்டுக்காரர் அல்லர். வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுக்கு நேரே போகலாம். மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் ஆதார வைத்தியசாலைகளில் காட்டித் துண்டு வாங்கியும் போகலாம். பார்ப்பது, பரிசோதனை, சத்திரசிகிச்சை, மருந்து எல்லாம் அரச வைத்தியசாலையில் இலவசம். சலம் முற்றாக அடைத்துவிட்டால் அது அவசர நிலை. 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

புற்றுநோய் உறுதியானால் வடக்கில் சிகிச்சை மையம் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை. 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்த 'டிரெயில்' நடைபயணத்தில் சேர்ந்த பணத்தில் கட்டப்பட்ட புற்றுநோய்ப் பிரிவு அங்கே 2013இல் திறக்கப்பட்டது. வவுனியாவிலிருப்போருக்கு அநுராதபுரம் கிட்ட, சிலரைக் கொழும்புக்குக் கிட்ட உள்ள மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் அனுப்புவார்கள். முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழை நூறு கிலோமீற்றருக்கு மேல். பஸ் மாறிப் போய்வருவது எழுபது வயதுக்காரருக்கு ஒருநாள் பாடு, கூடப்போகும் மகனுக்கு ஒருநாள் கூலி இழப்பு. தவணை விடுபடுவது இங்கேதான். நோய் பரவியவர்களுக்கு ஆண் ஹோர்மோனைத் தடுக்கும் ஊசியைக் குறித்த இடைவெளியில் தொடர்ந்து போட வேண்டும், இல்லாவிட்டால் விதைகளை அகற்றும் சிறிய சத்திரசிகிச்சையை ஒரேதரம் செய்யலாம். இரண்டாவதைக் கேட்டதும் பலர் எழும்பிப் போய்விடுவார்கள். தூரத்திலிருந்து வருகிறோம், எது எங்களுக்குச் சரிவரும் என்று வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அடுத்த தவணையைக் கிட்ட உள்ள வைத்தியசாலையில் செய்யலாமா என்றும் கேட்கலாம்.

பண உதவிக்கு முதலில் போக வேண்டிய மேசை பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருடையது. வருமானம் குறைந்த புற்றுநோயாளருக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் மாதாந்த நோய் உதவி உண்டு. எழுபது வயது தாண்டியவர் முதியோர் கொடுப்பனவுக்குத் தகுதியா என்றும் அங்கேயே கேட்கலாம். சனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்பு கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வைத்தியரின் சிபாரிசு வேண்டும், ஆகவே வெளியில் காசு கட்டிப் பொருள் வாங்கச் சொன்னால், கட்டுவதற்கு முன்பே போய்க் கேளுங்கள். அரச ஓய்வூதியக்காரர் அக்ரஹார என்ற அரச ஊழியர் மருத்துவக் காப்புறுதியையும் பார்க்க வேண்டும். கிராம அலுவலரின் வருமான உறுதிப்படுத்தல், அடையாள அட்டைப் பிரதி, கிளினிக் கொப்பிப் பிரதி மூன்றையும் ஒரேதரம் எடுத்துக்கொண்டு போனால் இன்னொரு பஸ் செலவு மிச்சம்.