‘ஆம்’ 65 சதவீதம்: சரி, எதற்கு ‘ஆம்’?

மீண்டும் ஒரு கட்டுரை, மீண்டும் அதே பிழை. வீட்டுவசதியில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை 1964-ல் கலிஃபோர்னியா மக்கள் 65 சதவீத ஆதரவுடன் ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். சதவீதம் சரி, ஆண்டு சரி, மாநிலமும் சரி. நடந்தது மட்டும் நேர்த் தலைகீழ். அமெரிக்க வரலாற்றுக் கட்டுரைகளைச் சரிபார்க்கும் மேசைகளுக்கு இந்த வகைப் பிழை ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்றால் இன்னும் மோசம். அந்தக் கால வாக்கெடுப்புகளை மூல ஆவணத்தில் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1963-ல் கலிஃபோர்னியா சட்டமன்றம் ரம்ஃபோர்டு சட்டத்தை இயற்றியது. பெர்க்லியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் வில்லியம் பைரன் ரம்ஃபோர்டின் பெயரால் வழங்குவது. அரசு உதவி பெற்ற வீடுகளிலும், நான்குக்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட கட்டடங்களிலும் இனம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்றது அது. மாநில வீடு-மனைத் தரகர் சங்கம் இதை எதிர்த்துக் கையொப்பம் திரட்டி, அரசமைப்புச் சட்டத் திருத்தம் ஒன்றை 1964 நவம்பர் 3 அன்று வாக்குச்சீட்டில் ஏற்றியது. அதுதான் முன்மொழிவு 14. தன் வீட்டை யாருக்கு விற்பது, யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது உரிமையாளரின் முழு விருப்பம், மாநில அரசோ அதன் எந்த உறுப்போ அதில் தலையிடக் கூடாது என்பது அதன் சாரம். சுமார் 45 லட்சம் பேர் ‘ஆம்’ என்றார்கள், 24 லட்சம் பேர் ‘இல்லை’ என்றார்கள். அதாவது 65 சதவீதம் பேர் பாகுபாட்டுத் தடையை நீக்கச் சொன்னார்கள். அதே நாளில் அதே மாநிலத்தில், அதே ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட லிண்டன் ஜான்சன் பெரிய வித்தியாசத்தில் வென்றார். கட்சி முடிவை வைத்து வாக்கெடுப்பின் முடிவை ஊகிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

முன்மொழிவு 14-ன் உரையில் ‘இனம்’ என்ற சொல்லே கிடையாது. வாக்குச்சீட்டில் அச்சான தலைப்பும் குடியிருப்புச் சொத்துகளின் விற்பனை, வாடகை என்ற அளவில்தான் இருந்தது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு எழுத உட்காருபவர் எந்தப் பக்கமும் விழலாம்.

என் கோபமெல்லாம் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல்தான். ‘ஆம்’ என்றால் அந்த விஷயத்துக்கு ஆதரவு, ‘இல்லை’ என்றால் அந்த விஷயத்துக்கு எதிர்ப்பு என்கிற நம்பிக்கை. இல்லவே இல்லை. வாக்காளர் ‘ஆம்’ சொல்வது அந்தச் சீட்டில் கேட்கப்பட்ட கேள்விக்கு. கேள்வி ஒரு சட்டத்தை உண்டாக்கலாம், ஒழிக்கலாம், ஏற்கெனவே ஆனதை உறுதிப்படுத்தலாம், இருப்பதன் ஒரு வரியை மட்டும் மாற்றலாம். 1946 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள் இருந்தன. முன்மொழிவு 11, வேலைவாய்ப்பில் இனப்பாகுபாட்டைத் தடை செய்யக் கேட்டது. முன்மொழிவு 15, ஜப்பானியர் உள்ளிட்ட ஆசியர்கள் விவசாய நிலம் வைத்திருப்பதைத் தடுத்த அந்நியர் நிலச் சட்டத்தை மேலும் இறுக்கச் சட்டமன்றம் செய்திருந்த திருத்தங்களை உறுதிப்படுத்தக் கேட்டது. இரண்டுக்கும் மக்கள் ‘இல்லை’ என்றார்கள். முதல் ‘இல்லை’ பாகுபாட்டுக்குச் சாதகம், இரண்டாவது ‘இல்லை’ பாகுபாட்டுக்குப் பாதகம். ஒரே மக்கள், ஒரே நாள், ஒரே தாள். “1946-ல் இரு முன்மொழிவுகளும் தோற்றன” என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனால் வாசகருக்கு என்ன விளங்கும்?

இன்னொரு ஜோடி. லாபநோக்கமற்ற தனியார் பள்ளிகளின் சொத்துகளுக்கு வரிவிலக்கு தரும் சட்டத்தை எதிர்த்தவர்கள், மனுப் போட்டு அதை 1952 நவம்பரில் மக்கள் முன் நிறுத்தினார்கள். அது முன்மொழிவு 3. ‘ஆம்’ மயிரிழையில் வென்றது, வரிவிலக்கு பிழைத்தது. விடாமல் 1958-ல் வரிவிலக்கை நீக்கக் கேட்டு முன்மொழிவு 16 கொண்டுவந்தார்கள். இந்த முறை ‘இல்லை’ பெரிய அளவில் வென்றது, வரிவிலக்கு மறுபடியும் பிழைத்தது. ஆரிகனில் மரண தண்டனையும் இப்படித்தான். 1964-ல் ‘ஆம்’ அதை ஒழித்தது, 1978-ல் ‘ஆம்’ அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆகவே தயவுசெய்து, ‘நிறைவேறியது’ ‘தோற்றது’ என்று எழுதும் முன்பு, அதன் விளைவாக மறுநாள் எது இருந்தது, எது இல்லாமல் போனது என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் மூல உரையை நீங்கள் இன்னும் படிக்கவில்லை.

எல்லாவற்றையும் ‘பொது வாக்கெடுப்பு’ என்ற ஒரே சாக்கில் போடுவது அடுத்த தொல்லை. வழிகள் மூன்று. மக்களே வரைவு எழுதிக் கையொப்பம் திரட்டிக் கொண்டுவருவது மக்கள் முன்முயற்சி. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை நடைமுறைக்கு வருமுன் தடுத்து மக்களிடம் கொண்டுபோவது மறுப்பு வாக்கெடுப்பு. இதில்தான் மனுப் போட்டவர்கள் ‘இல்லை’ கேட்டுப் பிரசாரம் செய்வார்கள், கேள்வி ‘இந்தச் சட்டம் நிலைக்கலாமா’ என்பது. மூன்றாவது, சட்டமன்றமே அனுப்பிவைப்பது. அரசமைப்புத் திருத்தம் என்றால் டெலவேர் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் மக்கள் ஒப்புதல் வேண்டும். மக்கள் முன்முயற்சி அப்படி எல்லா மாநிலத்திலும் கிடையாது. 1898-ல் தெற்கு டகோட்டா தொடங்கிவைத்தது, ஆரிகன் 1902-ல், கலிஃபோர்னியா 1911-ல். நாடு தழுவிய வாக்கெடுப்பு என்று ஒன்று அமெரிக்காவில் கிடையவே கிடையாது. “அமெரிக்க மக்கள் வாக்கெடுப்பில் முடிவு செய்தனர்” என்று எழுதுபவர்கள் அந்த வரியை அடித்துவிட்டு மாநிலத்தின் பெயரைப் போடவும்.

வழி எது என்று பார்ப்பது சம்பிரதாயத்துக்காக இல்லை. கலிஃபோர்னியாவில் மக்கள் முன்முயற்சியால் வந்த சட்டத்தை, அச்சட்டமே இடம் தந்தாலொழிய, சட்டமன்றம் தன்னிச்சையாகத் திருத்தவோ நீக்கவோ முடியாது, மறுபடி மக்களிடம்தான் போக வேண்டும். அந்நியர் நிலச் சட்டத்தின் கதை முழுக்க இந்த விதியில்தான் மாட்டியிருக்கிறது. 1913-ல் சட்டமன்றம் போட்டது, 1920-ல் மக்கள் முன்முயற்சியால் இறுகியது. அதனால்தான் 1946-ல் சட்டமன்றத்தின் திருத்தங்களுக்கு மக்களின் உறுதிப்பாடு கேட்க வேண்டிவந்தது. 1952-ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன பிறகும், ஏட்டிலிருந்து அதை எடுக்க 1956 நவம்பரில் இன்னொரு வாக்கெடுப்பு தேவைப்பட்டது. குடியுரிமை பெறத் தகுதியற்றவர்களாக வைக்கப்பட்டிருந்த இந்தியர்களையும் அச்சட்டம் கட்டியிருந்தது. இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்த பஞ்சாபியரான தலிப் சிங் சௌந்த், அது ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட அதே தேர்தலில் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வானார். நம்மவர்கள் எழுதும் சௌந்த் கட்டுரைகளில் இந்த வாக்கெடுப்பு ஏனோ காணாமல் போய்விடுகிறது.

அந்த வாக்கெடுப்பின் எண் என்ன தெரியுமா? முன்மொழிவு 13. ஆம், அதே 13. சொத்து வரியைக் கட்டிப்போட்ட புகழ்பெற்ற முன்மொழிவு 13 வந்தது 1978-ல். 1982 நவம்பர் வரை கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு தேர்தலுக்கும் எண் 1-லிருந்து தொடங்கியது. ஜூன் தேர்தலுக்கு ஒரு வரிசை, நவம்பருக்கு வேறு வரிசை. அதனால் எண் மட்டும் போதாது, எண்ணும் ஆண்டும்கூடப் போதாது. மாநிலம், முழுத் தேதி, எண் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். முன்மொழிவு 14 என்று தேடினால் 2010-ல் முதனிலைத் தேர்தல் முறையை மாற்றியதும் வரும், 2020-ல் குருத்தணு ஆராய்ச்சிக் கடன்பத்திரமும் வரும். வாஷிங்டன் மாநிலத்தின் முன்முயற்சிகளுக்கும் ஓக்லஹோமாவின் மாநிலக் கேள்விகளுக்கும் தொடர் எண், அங்கே இந்தத் தலைவலி இல்லை.

வென்றதாலேயே அது சட்டமாக நிலைத்தது என்று முடிவு கட்டாதீர்கள். முன்மொழிவு 14-ஐ 1966-ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரைட்மேன் எதிர் மல்கி வழக்கில் 5-4 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. அரசமைப்பின் உரையில் அந்தப் பிரிவு 1974 நவம்பரில்தான் முறைப்படி நீக்கப்பட்டது. இதைப் பார்த்துவிட்டு “பத்தாண்டுகள் அமலில் இருந்தது” என்று எழுதுகிறார்கள். அமலில் இல்லை ஐயா, அச்சில் இருந்தது. கொலராடோவில் 1962-ல் மாநில மேலவைத் தொகுதிகளை மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரிக்காத திருத்தம் ஒன்று கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று என்ற ஆதரவில், எல்லா மாவட்டங்களிலும் வென்றது. 1964-ல் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளியது. பெரும்பான்மை ஒப்புக்கொண்டது என்பதற்காக ஒருவரின் வாக்கின் மதிப்பைக் குறைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. மறுபக்கம், 1950-ல் சொற்ப வித்தியாசத்தில் வென்ற கலிஃபோர்னியா முன்மொழிவு 10 அரசமைப்பின் 34-வது பிரிவாகி, 1971-ல் உச்ச நீதிமன்றத்திலும் தப்பியது. குறைந்த வாடகைப் பொது வீடுகள் கட்ட உள்ளூர் வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும் என்பது அது. 65 சதவீதம் வாங்கியது விழுந்தது, பாதியைத் தாண்டியது நின்றது. சதவீதத்தை வைத்து ஆயுளைக் கணிக்க வேண்டாம்.

சதவீதம் என்றதும் ஒரு எச்சரிக்கை: எதில் சதவீதம்? பெரும்பாலான இடங்களில் அந்தக் கேள்விக்கு விழுந்த வாக்குகளில். மினசோட்டாவில் அரசமைப்புத் திருத்தத்துக்கு, அந்தத் தேர்தலில் வாக்களித்த எல்லோரிலும் பெரும்பான்மை வேண்டும். கேள்வியை வெறுமனே விட்டுவிட்டுப் போனவர் ‘இல்லை’ சொன்னவர்தான். ‘ஆம்’ அதிகம் வாங்கியும் தோற்ற திருத்தத்தைப் பார்த்து ‘அச்சுப்பிழை’ என்று நீங்களாகத் திருத்திவிடாதீர்கள்.

பிரசாரப் பெயர்களையும் நம்பாதீர்கள். 1958-ல் கலிஃபோர்னியா, கொலராடோ, ஐடஹோ, கான்சஸ், ஓஹையோ, வாஷிங்டன் ஆகிய ஆறு மாநிலங்களில் ‘வேலை செய்யும் உரிமை’ என்ற பெயரில் வாக்கெடுப்பு நடந்தது. கான்சஸில் மட்டும் வென்றது. யாருக்கும் வேலை தரும் உறுதி அதில் இல்லை. தொழிற்சங்கத்தில் சேர்வதையோ சந்தா கட்டுவதையோ வேலைக்கு நிபந்தனையாக்கும் ஒப்பந்தங்களைத் தடை செய்வது அதன் வேலை. ஐந்து மாநிலங்களில் அதைத் தோற்கடித்தவர்கள் தொழிற்சங்கத்தினர். இதைத் ‘தொழிலாளர் உரிமைக்குப் பின்னடைவு’ என்று தலைப்பிட்டால் சங்கத்துக்காரர் சிரிப்பார்.

கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்காளர் கையேடு அச்சிட்டு அனுப்பினார்கள். முழு உரை, ஆதரவு வாதம், எதிர்ப்பு வாதம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன, வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாதங்களை முதலில் படிக்காதீர்கள், உரையைப் படியுங்கள். நீக்கப்படும் சொற்கள் குறுக்குக்கோடிட்டும், புதிதாகச் சேர்பவை தடித்த எழுத்திலும் இருக்கும். வருடிய பக்கத்திலிருந்து உரையை நகலெடுத்து ஒட்டினால் குறுக்குக்கோடு தொலைந்துபோகும். நீக்கச் சொன்ன வாக்கியம் சேர்க்கச் சொன்ன வாக்கியமாகிவிடும். மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு அந்த ஒட்டிய உரையைக் கொடுப்பவர்களிடமிருந்துதான் மிகச் சரளமான தலைகீழ்க் கட்டுரைகள் வருகின்றன. பக்கத்தின் படத்தைத் திறந்து, கண்ணால் பார்த்து, கோடிட்டதை ஒரு நிறத்திலும் சேர்ந்ததை வேறொரு நிறத்திலும் குறித்துக்கொண்ட பிறகு முடிவுப் பட்டியலைத் திறங்கள். அதற்குமேல் ஒரு வேலைதான் பாக்கி. அதே பிரிவின் எண்ணை இன்றைய அரசமைப்பிலும் தேடிப் பார்த்து, இருக்கிறதா, எந்த ஆண்டில் போனது, நீதிமன்றம் எப்போது கைவைத்தது என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது எழுதிவிட்டு அனுப்புங்கள்.