நான்கு வட்டங்களுக்குள் வாழ்க்கையின் நோக்கத்தைத் தேடுபவர்களுக்கு

பிடித்தது, திறமை உள்ளது, உலகுக்குத் தேவையானது, பணம் தருவது என நான்கு வட்டங்களை வரைந்து, அவை நான்கும் கூடும் இடத்தில் உங்கள் வாழ்க்கையின் நோக்கம் இருக்கிறது என்று சொல்லும் படத்துடன் என் ஆலோசனை அறைக்கு வருபவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். அண்மையில் வந்த 28 வயது இளைஞர் ஒருவர், கணிசமான கட்டணம் செலுத்திப் போய்வந்த பயிலரங்கில் அதை நிரப்பியிருந்தார். மூன்று வட்டங்களில் எழுத்து இருந்தது. திறமைக்குரிய வட்டத்தில் மட்டும் எதையோ எழுதி, தாள் கிழியும் அளவுக்குப் பேனாவால் அடித்திருந்தார். “எனக்கு மட்டும் நடுவில் ஒன்றுமே வரவில்லை, மேடம்” என்றார். இதே வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதால்தான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பலரும் அந்தப் படத்தை ஜப்பானிய ஞானம் என்று நம்புகிறார்கள். ஸ்பெயின் நாட்டுச் சோதிடர் ஒருவர் வரைந்த வட்டங்களின் நடுவே 2014இல் வலைப்பதிவர் ஒருவர், வாழ்வதற்கான காரணம் என்று பொருள்படும் ‘இக்கிகாய்’ என்ற ஜப்பானியச் சொல்லை எழுதிவைத்தார் என்பதே அதன் வரலாறு. ஜப்பானில் இந்தப் பொருளை உண்மையாகவே ஆராய்ந்தவர் மியெகோ காமியா என்னும் மனநல மருத்துவர். நாகாஷிமா தீவிலிருந்த தொழுநோய் இல்லத்தில் பணியாற்றிய அவர், அந்த அனுபவத்திலிருந்து எழுதிய நூலை 1966இல் வெளியிட்டார். அங்கே இருந்தவர்கள் சட்டத்தின் பெயரால் ஊரையும் உறவையும் விட்டுப் பிரிக்கப்பட்டவர்கள். அந்தத் தொழுநோய்த் தடுப்புச் சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தவர்களுள் பலர் நாள்கள் வெறுமையாகக் கழிவதாகச் சொல்ல, வேறு சிலர் மட்டும் எப்படி வாழ்வதில் நிறைவு காண்கிறார்கள் என்பதே காமியாவின் கேள்வி. அவர்களுக்கு நான்காவது வட்டமும் கிடையாது, வேலைச் சந்தையும் கிடையாது.

அந்த இளைஞர் அடித்துவிட்டது, “கணக்கு பார்ப்பது” என்பதை. அப்பாவின் எழுதுபொருள் கடைக்கும், அதே தெருவிலுள்ள வேறு சில கடைகளுக்கும் ஜி.எஸ்.டி. கணக்கைப் பல ஆண்டுகளாக அவர்தான் பார்த்துவருகிறார். குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இடையில் செய்கிற வேலை என்பதால், அவர் அதை எதிலும் சேர்ப்பதில்லை. பொறியியல் படித்துவிட்டுக் கடைக் கணக்கு எழுதுபவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம். கையில் இருப்பதை எல்லாம் கூச்சத்தால் அடித்துவிட்டுப் பார்த்தால், நடுவில் என்ன மிஞ்சும்?

“அப்படியென்றால் இதுதான் நான் என்று ஏற்றுக்கொண்டு இப்படியே இருந்துவிடச் சொல்கிறீர்களா?” என்று அவர் கேட்டார். எல்லோரும் கேட்கிறார்கள், பெற்றோர் இன்னும் கோபமாகக் கேட்கிறார்கள். தன்னை ஏற்பது சோம்பலுக்குப் போடும் கையெழுத்து என்றும், தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பவன்தான் முன்னேறுவான் என்றும் நம் வீடுகளில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. சர்க்கரை அளவு கூடியிருப்பதைக் காட்டும் ஆய்வக அறிக்கையை மறுப்பவரும் ஏற்பவரும் இருக்கிறார்கள். இருவரில் யார் மாத்திரையைத் தொடங்குகிறார்? ஏற்பது என்றால் உள்ளதை உள்ளபடி பார்ப்பது. அதைப் பாராட்ட வேண்டும் என்றோ, மாற்றக்கூடாது என்றோ யாரும் சொல்லவில்லை. திக்கிப் பேசுபவர்களுக்கான சிகிச்சை முறைகள் சிலவற்றில், பயிற்சியாளர் முன்னிலையில் வேண்டுமென்றே திக்கிப் பேசச் சொல்வார்கள். மறைக்கும் முயற்சி குறையக் குறைய, பேச்சிலுள்ள இறுக்கமும் பலருக்குக் குறைகிறது. அதுவரை தவிர்த்த தொலைபேசி அழைப்பை எடுக்கத் துணிகிறார்கள். செயலுக்கு மதிப்பெண் போடலாம், செய்த மனிதருக்குப் போடக்கூடாது என்று உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். தேர்வில் தோற்றேன் என்பது தகவல். அதைக் கொண்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கலாம். நான் தோல்வி என்பது தீர்ப்பு. அதைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இவ்வளவு எளிய வேறுபாட்டை வாரந்தோறும் விளக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

நோக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவற்றிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது என்பேன். நாளை நீங்கள் வராவிட்டால் யாருடைய வேலை நின்றுபோகும் என்று கேட்பது என் வழக்கம். கடுமையான மனச்சோர்வில் இருப்பவரிடம் மட்டும் இதைக் கேட்பதில்லை; “யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை” என்றுதான் சொல்வார், அது நோயின் குரல். மற்றவர்கள் சற்று யோசித்துவிட்டு ஒரு பெயரைச் சொல்வார்கள். பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதாக இருக்கலாம். பேச்சை அங்கிருந்துதான் தொடங்குவேன். நான் சொன்ன இளைஞர் இன்னும் தேர்வுக்குப் படிக்கிறார். கணக்கு எழுதுவதற்குக் கடைக்காரர்களிடம் இப்போது கூலி கேட்கத் தொடங்கியிருக்கிறார். இது எங்கே போய் முடியும் என்று எனக்கோ அவருக்கோ தெரியாது, தெரிய வேண்டிய அவசரமும் இல்லை.

பயிலரங்குக்குப் பணம் கட்டும் முன் சிலவற்றைச் செய்துவிடுங்கள். முன்பு பிடித்தவை எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரங்களுக்கு மேல் நாளின் பெரும்பகுதி சோர்வாகவே கழிகிறது என்றால், உங்களுக்குத் தேவை நோக்கம் கண்டுபிடிக்கும் பயிற்சி அல்ல, மருத்துவர். இதே சோர்வைத் தரக்கூடிய தைராய்டு கோளாறு, ரத்தசோகை ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் பயிலரங்கைவிட மிக மலிவானவை. ஆலோசகர் என்று பலகை வைத்திருப்பவரிடம் அவருடைய தகுதியைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். சாகத் தோன்றுகிறது என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் “பையன் இப்போது என்ன செய்கிறான்?” என்று யாராவது கேட்டால், அவன் செய்துகொண்டிருப்பதையே சொல்லுங்கள். “சும்மாதான் இருக்கிறான்” என்று நீங்கள் சொல்லும்போது அவன் அருகில்தான் நிற்கிறான்.