சைக்கிள் வாங்கமுதல் பின் சில்லைச் சுற்றிப் பாருங்கள்

பள்ளிக்கூடம் விட்ட நேரம் ஒரு பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு என் சைக்கிள் கடைக்கு வந்தாள். "அண்ணை, உழக்க உழக்க டொக் டொக் எண்டு சத்தம் கேக்குது." ஊதா நிறம், முன்னுக்குக் கூடை, சீற்றில் இன்னும் பிளாஸ்டிக் உறை. வெளிநாட்டிலிருந்து யாரோ உதவியாகக் கொடுத்தது, மூன்று மாதம்கூட ஆகவில்லை. இடது பெடல் கையைப் பிடித்து ஆட்டினேன், ஆடியது. கழற்றிப் பார்த்தால் அச்சு நுழைகிற சதுரத் துளை தேய்ந்து வட்டமாகிக் கிடந்தது. பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியவர் கையை அச்சோடு பிடிக்கிற அந்த ஒரு போல்ட்டைச் சரியாக இறுக்கவில்லை. அச்சு இரும்பு, பெடல் கை அலுமினியம். தளர்ந்தபடியே ஓடினால் இரும்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கையையே மாற்றவேண்டும்.

புதுச் சைக்கிள் வாங்கியவர்கள் இரண்டு கிழமை ஓடியபின் ஏதாவது ஒரு கடையில் கொடுத்து, இரண்டு பெடல் கையின் போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

யாழ்ப்பாணத்தில் சில வீடுகளில் அப்பப்பாவின் றலி சைக்கிள் இன்னும் தாழ்வாரத்தில் நிற்கும். வன்னியில் அப்படி ஒன்றைக் காண்பது அரிது. 2009இல் போர் முடிகிறபோது வட்டுவாகல் பாலம் தாண்டிய சனம் சைக்கிளை எல்லாம் விட்டுவிட்டுத்தான் போனது. திரும்பி வந்தபின் வாங்கியவைதான் இப்போது ஓடுகின்றன. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. சைக்கிள் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் கறள் பிடித்துக் கிடந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வருசம் நான் சாப்பிட நேரமில்லாமல் வேலை செய்தேன்.

பிறகு டொலர் 300 ரூபாவை ஒட்டி இறங்கியது, சாமானும் வருகிறது. அதைவிட முக்கியம், ஒரு காலத்தில் விலைகூடிய சைக்கிளில் மட்டும் இருந்தவை சாதாரண சைக்கிளுக்கும் வந்துவிட்டன. அலுமினிய றிம் ஒன்றை எடுங்கள். பழைய இரும்பு றிம்மில் மழை பெய்தால் பிறேக் கட்டை வழுக்கும், பிடித்துக்கொண்டே அடுத்த வளவு வரை போகலாம். அலுமினிய றிம்மில் அந்தப் பயம் பெரிதும் குறைவு. பெடல் அச்சிலும் அப்படித்தான். முன்பு கொட்டர் பின் அடித்து, கோன் இறுக்கி, போல்ஸ் என்கிற இரும்புக் குண்டுகளை மாற்றி, கிறீஸ் பூசி ஒரு பின்னேரமே போய்விடும். இப்போது சீல் செய்த பெயாரிங்கோடு முழுத்துண்டாகவே வருகிறது. கிரவல் புழுதி உள்ளே போவது குறைவு.

சரி, அப்படியென்றால் எதை வாங்கினாலும் நல்லதா? இல்லை. அதே விலைக்கு இரண்டு விதமான சைக்கிள் கிடைக்கிறது. ஒன்றில் 21 கியர், முன்னுக்கும் நடுவிலும் ஷொக் அப்சோர்பர், இரண்டு பக்கமும் டிஸ்க் பிறேக். மற்றதில் ஒன்றுமே இல்லை, பார்க்க ஒரு ரீச்சரின் சைக்கிள் மாதிரி இருக்கும். பொடியங்கள் முதலாவதைத்தான் கேட்பார்கள், அது நியாயம்தான். ஆனால் அந்த விலைக்குள் இவ்வளவும் பூட்டவேண்டுமென்றால் தொழிற்சாலை எங்கேயோ மிச்சம் பிடிக்கத்தான் வேண்டும். அநேகமாக அது பின் சில்லின் நடுவில்தான்.

விலை குறைந்த கியர் சைக்கிளில் பிறீவீல், அதாவது பின் பற்சில்லுத் தொகுதி, சில்லின் நடுக் குடமான ஹப்பின்மேல் திருகப்பட்டிருக்கும். பற்சில்லு ஆறோ ஏழோ அடுக்கி வர, அந்தப் பக்கத்து போல்ஸ் உள்ளே தள்ளிப்போகும். வெளியே நீண்டு நிற்கிற அச்சுக்குத் தாங்க ஆளில்லை. கரியரில் அரை மூட்டை நெல்லோ மீன்பெட்டியோ ஏற்றிக்கொண்டு வாய்க்கால் ரோட்டுப் பள்ளத்தில் விழுந்தால் அச்சு வளையும், ஒருநாள் முறியும். பற்சில்லைத் திருகாமல் செருகிப் பூட்டுகிற கசெற் வகையில் போல்ஸ் ஓரத்துக்கே வந்துவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. எந்த வகை என்று தெரியாவிட்டால் சைக்கிளைத் தூக்கிப் பின் சில்லைச் சுற்றிவிட்டு, பக்கத்தில் நின்று பற்சில்லைப் பாருங்கள். தள்ளாடினால் அநேகமாகத் திருகுகிற வகைதான். சில்லில் கம்பி எத்தனை என்றும் எண்ணுங்கள். றலி மாதிரிப் பழைய பிரித்தானிய ரோட்ஸ்டர் சைக்கிளில் முன்னுக்கு 32, பின்னுக்கு 40 கம்பி, காரணத்தோடுதான். பாரம் ஏற்றுகிறவர்கள் பின்னுக்கு 36க்குக் குறையாமல் பாருங்கள்.

என்னைக் கேட்டால், வேலைக்கும் வயலுக்கும் ஓடுகிறவருக்கு இப்போது வருகிற பாவித்த ஜப்பான் சைக்கிள்தான் காசுக்கு ஏற்றது. சைக்கிளின் பிறேமில் BAA என்ற ஜப்பான் பாதுகாப்பு ஸ்ரிக்கர் இருந்தால், அந்த மொடல் அங்கே ஏறத்தாழ 90 விடயங்களில் சோதித்துத் தேறியது என்று பொருள். சிலதில் மூன்று கியர், அதுவும் ஹப்புக்குள்ளேயே. புழுதி படாது, செயின் இறங்குவதும் குறைவு. ஆனால் கடலோரத் துறைமுக ஊர்களில் கிடந்தவையும் வரும். சீற் குழாயை வெளியே இழுத்து உள்ளே விரலை விடுங்கள். கறள் செதிலாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ரயர். "26தானே, எதுவும் போடும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி ஏமாந்தவர்கள் பலர். ஜப்பான் சைக்கிளின் 26 x 1 3/8 ரயர் உட்கார்கிற வட்டம் 590 மில்லிமீற்றர். மலைச் சைக்கிளின் 26 x 1.95க்கு 559. ஒன்று மற்றதில் பொருந்தவே பொருந்தாது. ரயரின் பக்கத்தில் 37-590 என்ற மாதிரிச் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். வாங்கமுதலே உங்கள் ஊர்க் கடையில் அந்த ரயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கிறவர்களுக்கு ஒரு சொல். பத்துக்குப் பதில் எட்டு கொடுங்கள், மிச்சக் காசில் நல்ல ஹப்பும் றிம்மும் வரும். பிள்ளையின் உயரத்தையும் கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பெடலில் எட்டி எட்டி உழக்கிப் போவதை நான் தினமும் காண்கிறேன்.

போன கிழமை ஒரு ஐயாவுக்கு ஜப்பான் சைக்கிள் ஒன்று பூட்டிக் கொடுத்தேன். முன் ஹப்புக்குள்ளேயே டைனமோ, 6 வோல்ட். சில்லைச் சுற்ற லைற் பத்தியது. 90களில் கரண்டும் பற்றரியும் இல்லாமல் சைக்கிளைத் தலைகீழாக வைத்து உழக்கி, டைனமோவில் ரேடியோ ஓடவைத்துச் செய்தி கேட்ட ஆள் அவர். லைற்றையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தம்பி, இதிலையும் ரேடியோ கேக்கலாமோ?" என்றார். கரண்டை ஒரே பக்கமாக ஓடவிடுகிற டயோட் ஒன்று போட்டால் கேட்கலாம் என்றேன்.