சொல் விளக்கம்: சிதையா வேதிப்பொருள்

வணிகச் செய்திகளில் அண்மைக்காலமாக அடிக்கடி வரும் 'ஃபாரெவர் கெமிக்கல்ஸ்' (என்றும் நிலைக்கும் வேதிப்பொருட்கள்) என்பது வேதியியலார் இட்ட பெயரன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரப் பேராசிரியர் ஜோசப் ஆலன், 2018 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் எழுதிய கட்டுரையில் பொதுமக்களுக்காக ஆக்கிய பெயர் அது. அதன் முதலெழுத்துகளான எஃப், சி இரண்டும் புளோரின், கார்பன் ஆகிய தனிமங்களின் குறியீடுகளாகவும் அமைந்திருக்கின்றன. இவ்விரு தனிமங்களுக்கும் இடையிலான பிணைப்பு கரிம வேதியியலில் மிக வலுவான பிணைப்புகளுள் ஒன்று. வெயிலும் மழையும் நுண்ணுயிரும் அதை எளிதில் அறுப்பதில்லை என்பதால், இவ்வகைப் பொருட்கள் நிலத்திலும் நீரிலும் உடலிலும் நெடுங்காலம் தங்கிவிடுகின்றன. அறிவியல் பெயர் 'பெர்ஃபுளோரோஆல்கைல் மற்றும் பாலிஃபுளோரோஆல்கைல் பொருட்கள்', சுருக்கமாக 'பிஃபாஸ்'.

தமிழில் 'நிரந்தர வேதிப்பொருள்', 'அழியா வேதிப்பொருள்', 'நீடித்த வேதிப்பொருள்' என மூன்று வடிவங்கள் இதற்குப் பொருந்துவனபோலத் தோன்றும். முதலிரண்டும் பிழையல்ல, ஆனால் நிரந்தர வேலை, அழியாப் புகழ் என்று நாம் விரும்பி வேண்டுபவற்றோடு பழகிய அடைமொழிகள் அவை. மூன்றாவதை ஏற்கவே முடியாது. 'நீடித்த வளர்ச்சி' என்பது சுற்றுச்சூழலைக் காக்கும் வளர்ச்சிக்கு நிலைபெற்றுவிட்ட கலைச்சொல். 'நீடித்த வேதிப்பொருள்' என்று ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வந்தால், பங்குதாரர் அதைப் பசுமைத் தயாரிப்பு என்றே எடுத்துக்கொள்வார். பாடநூல்கள் 'சிதைவு' என்ற சொல்லை ஒரு சேர்மம் உடைந்து எளிய பொருட்களாவதற்கே வழங்குவதால், 'சிதையா வேதிப்பொருள்' என்பதே நேரான ஆக்கம். 'சிதையா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சிதையவில்லை, சிதைவதில்லை, சிதையாது என முக்காலத்தையும் அது தன்னுள் அடக்கிக்கொள்வதால், 'என்றும்' என்ற அடைமொழியைத் தனியே சேர்க்க வேண்டியதில்லை.

பெயரை விட வரையறையில்தான் தொழில்துறையின் கவலை இருக்கிறது. 2021இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வகுத்த விரிவான வரையறையின்படி, முழுமையாகப் புளோரினேற்றப்பட்ட ஒரேயொரு கார்பன் அணு மூலக்கூறில் இருந்தாலே அது பெரும்பாலும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிடும். சர்க்கரை நோய்க்குப் பலரும் உட்கொள்ளும் சிட்டாகிளிப்டின் மாத்திரையின் மூலக்கூறும் அப்படிப்பட்டதே. டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகள் முன்வைத்து, 2023 பிப்ரவரியில் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை வெளியிட்ட கட்டுப்பாட்டு முன்மொழிவு, சுமார் 10,000 சேர்மங்களை ஒரே குடும்பமாகக் கருதுகிறது. மருந்துகளிலும் பூச்சிக்கொல்லிகளிலும் உள்ள செயல்படு பொருட்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் ஒரு வேதியாலையில் அமிலம் ஓடும் குழாயின் உட்பூச்சும், வால்வின் கேஸ்கெட்டும், பிளம்பர் சுற்றும் டெஃப்லான் டேப்பும் இதே குடும்பத்தில் புளோரோபாலிமர் (புளோரின் கொண்ட நெகிழி) என்ற வேறொரு பிரிவில் வருகின்றன. அவற்றுக்கான விலக்கும் கெடுவும் தனி விவாதம். கடலூர் முதுநகருக்குத் தெற்கே உப்பனாற்றை ஒட்டிய சிப்காட் தொழிற்பேட்டை மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி ஆகிய தொழில்களுக்குப் பெயர்பெற்றது என்பதால், 'எங்கள் சரக்கில் இது இல்லை' என்ற ஒரு வரிப் பதில் இங்கே போதாது. சரக்கில் இல்லாதது இயந்திரத்தில் இருக்கலாம். இயந்திரத்தில் இல்லாதது வாங்கும் மூலப்பொருளில் இருக்கலாம்.

முதலீட்டாளர் கவனிக்க வேண்டியது காலவரிசை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இக்குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற இரு சேர்மங்களுக்கும் குடிநீரில் லிட்டருக்குத் தலா 4 நானோகிராம் என்ற வரம்பை 2024 ஏப்ரலில்தான் இறுதி செய்தது. (ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோகிராம்.) ஆனால் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் இவ்வகைப் பொருட்களின் உற்பத்தியை 2025 முடிவுக்குள் கைவிடுவதாக அறிவித்தது 2022 டிசம்பரில், குடிநீர் வழங்கும் அமைப்புகளுடனான வழக்குகளைத் தீர்க்கச் சுமார் 1,030 கோடி டாலர் தருவதாக அது ஒப்புக்கொண்டது 2023 ஜூனில். அதே மாதத்தில் டூபாண்ட், கெமோர்ஸ், கோர்டேவா என்ற அமெரிக்க நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து இதேபோன்ற வழக்குகளைத் தீர்க்க 118.5 கோடி டாலருக்கு இணங்கின. வரம்பு வெறும் முன்மொழிவாக இருந்தபோதே பணம் நகர்ந்துவிட்டது. பத்தாண்டுகள் லாபம் ஈட்டித் தந்த பொருள், உற்பத்தி நின்று பல ஆண்டுகளுக்குப் பின்னும் நிலத்தடி நீரில் கிடந்து கடனாக வளரும் என்பதால், நடப்பு ஆண்டின் லாபக் கணக்கைக் கொண்டு இத்தொழிலை எடைபோடுவது ஆபத்தானது என்றே கருதுகிறேன். காப்பீட்டுப் பத்திரத்தில் இப்பொருட்களுக்கு விலக்கு உள்ளதா, ஆலை நிலத்தையும் நீரையும் யார் சோதித்தார்கள், வழக்குக்கென ஒதுக்கீடு உண்டா என்ற கேள்விகள் லாப விகிதத்துக்கு முன் வரவேண்டியவை.

புதுச்சேரி வணிகருக்குப் பிரான்ஸ் நெருக்கமான சந்தையாக இருந்தால், 2025 பிப்ரவரியில் அந்நாடு இயற்றிய சட்டம் நேரடியாகவே பொருட்படும்: அழகுப்பொருட்கள், ஆடைகள், காலணிகள் ஆகியவற்றில் சிதையா வேதிப்பொருட்களின் பயன்பாட்டை அது 2026 ஜனவரி 1 முதல் தடைசெய்கிறது. சமையல் பாத்திரங்கள் அதில் இடம்பெறவில்லை. நீர் ஒட்டாத துணியை அங்கே அனுப்புபவர், துணிக்கு ஏற்றப்படும் பூச்சின் வேதிப்பெயரை வழங்குநரிடமிருந்து எழுத்துமூலம் பெற்றாக வேண்டும்.

சொல்லாட்சியைப் பொறுத்தவரை, செய்தியிலும் பேச்சிலும் மக்களுக்கான அறிவிப்புப் பலகையிலும் 'சிதையா வேதிப்பொருள்' போதும். ஒப்பந்தத்திலும் சோதனை அறிக்கையிலும் அது போதாது. அங்கே 'பிஃபாஸ்' என்ற பெயரோடு, எந்த வரையறையின்படி என்பதையும், ஒவ்வொரு சேர்மத்துக்கும் உரிய பதிவு எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும்.